துப்பாக்கியும் துருவும்

வணிகவியல் படிப்பவனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்கிறீர்களா? இதுவும் செலவுக் கணக்குதான் நண்பர்களே!

இரும்புக்கு எதிரி துரு. துப்பாக்கிக்குப் பழைய வைத்தியம் 'புளூயிங்'. சிவப்புத் துருவைக் கொதிநீரில் போட்டுக் கருந்துருவாக்கிவிடுவார்கள். பார்க்க அழகு, ஆனால் மெல்லியது. எண்ணெய் தடவாவிட்டால் ஈரம் தாங்காது. அடுத்து வந்தது 'பார்க்கரைசிங்' என்ற பாஸ்பேட் பூச்சு. பளபளப்பு இல்லை, ஆனால் எண்ணெயைப் பிடித்து வைக்கும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்1 கேரண்டுக்கு இதுதான்.

இவை வெளிப்புறத்துக்கு. குழலின் உட்புறத்துக்கும் தோட்டா வெடிக்கும் அறைக்கும் குரோமிய முலாம்தான் சரி. சோவியத்தின் ஏ.கே.47ல் அது இருந்தது, அமெரிக்காவின் எம்14லும் இருந்தது. ஆனால் வியட்நாமுக்கு முதலில் போன எம்16ல் இல்லை! அங்கிருந்த ஈரத்தில் அறை அரித்து, சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கியது. வெடிமருந்தை மாற்றியதும், துடைக்கும் கருவிகள் போதாததும் சேர்ந்துகொண்டன. சண்டைக்கு நடுவில் குழலுக்குள் கம்பியை விட்டுக் கூட்டைத் தள்ள வேண்டிய நிலை. அப்படியே உயிரை விட்டவர்களும் உண்டு.

1967ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு விசாரித்தது. அதே ஆண்டு அறைக்கு முலாம் வந்தது.

முலாம் இல்லாததால் மிச்சமான காசு கணக்கில் வரவாகியிருக்கும். போன உயிர்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது?