சுற்றுலாவில் பிள்ளையை யார் தூக்கினது?

சின்னப் பிள்ளைகளோடு சுற்றுலா போய் வந்த ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். போன இடத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், பிள்ளையைப் பற்றித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு வான் பிடித்துப் போன எங்கட சித்தியிடம் றம்பொடை நீர்வீழ்ச்சி எப்படி என்று கேட்டால், "அதிலதான் சின்னவன் சத்தி எடுத்தவன்" என்று பதில் வரும். கிரகரி வாவியில் குதிரை ஏற வேணும் என்று கண்டியிலிருந்தே அழுதுகொண்டு வந்த மூத்தவள், குதிரையைக் கிட்டக் கண்டதும் சித்தப்பாவின் கழுத்தை விடவில்லை. காசு கட்டியாச்சு என்பதற்காகச் சித்தப்பா தானே ஏறினார். அந்தப் படம் இன்னும் குடும்ப வைபர் குறூப்பில் கிடக்கு.

எல்லா வீட்டிலும் இப்படி நாலு கதை இருக்கும். எனக்கு வந்த கேள்வி வேற: இந்தப் பகிடி எப்ப தொடங்கினது? வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு மேலாக இதே நுவரெலியாவுக்குப் பிள்ளைகுட்டிகளோடு போய் வந்திருக்கிறார்கள். அந்த வளைவுகளில் அந்தப் பிள்ளைகள் சத்தி எடுக்காமலா இருந்திருக்கும்? எடுத்திருக்கும். துடைத்தது வேறு ஆள்.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தக் குளிர் ஊரை வெள்ளையரின் உடம்பு தேறும் இடமாக ஆக்கினார். 1885இல் ரயில் நானுஓயா வரை போனது. கொழும்பு வெக்கை குழந்தைகளுக்கு ஆகாது என்பது அந்தக் காலத்து ஐரோப்பியரின் பெரிய பயம். ஆகவே துரைசாணியும் பிள்ளைகளும் மலைக்கு ஏறினார்கள். கூடவே ஆயாவும் ஏறினா. ஆயா என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலும் அதே சொல்தான், அங்கே பார்ப்பவவும் ஆயாதான். காம்பராவும் போர்த்துக்கேயச் சொல்தான். ஒரே மலையில் இரண்டு ஆயாக்கள். ஒருத்தி துரையின் பிள்ளைக்கு, மற்றவ துரைக்குக் கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு. இரண்டாவது பிள்ளையை யாரும் சுற்றுலா கூட்டிப்போகவில்லை.

ஆயாவின் உண்மையான பயணம் மலைக்கு அல்ல, கடலுக்கு. காலனிகளில் பிறந்த பிள்ளைகளை ஆறேழு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்புவது வழக்கம். பெற்றோரும் நீண்ட லீவு எடுத்து ஊருக்குப் போய் வருவார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும் அது வாரக்கணக்கான கப்பல் பயணம். எங்கட சித்தி எட்டொன்பது மணித்தியால வான் பயணத்துக்கே ஒரு பைக்கற் பம்பஸ், இரண்டு சித்தாலேப என்று போனவ. வாரக்கணக்கில், பம்பஸ் இல்லாத காலத்தில், ஆடுகிற கப்பலில் என்று யோசித்துப் பாருங்கள். பி அன்ட் ஓ போன்ற கப்பல்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரமே வேறு. பெரியவர்கள் இராச்சாப்பாட்டுக்கு உடுத்துக்கொண்டு உட்காரும்போது பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. ஆயா ஊட்டி, கழுவி, நித்திரையாக்கி முடித்திருப்பா.

அன்ரனி பரேரா என்ற ஆயா இப்படி 54 முறை கடல் கடந்ததாகப் பதிவு இருக்கு. அந்தக் காலத்தில் இவவைவிட அதிகம் பயணம் செய்த கனவான்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ! ஆனால் பயண நூல்களில் கனவான்கள்தான் இருக்கிறார்கள்.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் கதை மாறும். பிள்ளை பத்திரமாக இறங்கிவிட்டது, இனி ஆயா எதற்கு? திரும்பிப்போகக் கப்பல் காசு கொடுக்காமலே கைவிட்ட குடும்பங்கள் இருந்தன. 1908இல் ஓர் ஆயாவைக் கிங்ஸ் குரொஸ் ரயில் நிலையத்தில் ஒரு பவுணோடு விட்டுப் போனார்கள். இப்படியானவர்கள் ஒதுங்க லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்றே ஒன்று இருந்தது. 1900இல் அது ஹக்னியில் கிங் எட்வர்ட்ஸ் வீதிக்கு மாறியது. கிறிஸ்தவ மிஷன் ஒன்று நடத்தியது. ஊருக்குத் திரும்புகிற இன்னொரு குடும்பம் பிள்ளை பார்க்க ஆள் தேடி வரும்வரை அங்கே காத்திருப்பார்கள். அதாவது வீடு திரும்புவதற்கும் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கத்தான் வேணும். 2022இல்தான் அந்தக் கட்டடத்தில் நீலத் தகடு பதித்தார்கள்.

பகிடி வேறு பக்கத்தால் வந்தது என்று நினைக்கிறேன். 1936இல் பில்லி பட்லின் இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். 1938இல் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கும் சட்டம் வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் குடும்பங்களும் இனிக் கடற்கரைக்கு வரலாம். ஆனால் இவர்களிடம் ஆயா இல்லை. தாயும் தகப்பனும்தான் ஆயா. பட்லினுக்கு இது விளங்கியிருந்தது. இரவில் பெற்றோர் நடன மண்டபத்தில் இருக்க, தாதிமார் அறை அறையாகச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஒரு குழந்தை அழுதால் அந்த அறை இலக்கம் மண்டபத்திலே பலகையில் வெளிச்சமாக விழும். அரைவாசி ஆட்டத்தில் கையை விட்டுவிட்டு ஓடுகிற மனுசனை நினைத்தால் சிரிப்பு வருகுதா? எனக்கு வருகுது. கப்பல் சாப்பாட்டு மேசையில் இருந்த கனவானுக்கு அப்படி ஓடவேண்டி வரவில்லை. ஓடாதவரிடம் சொல்லிச் சிரிக்கக் கதையும் இராது.

எங்கட பக்கத்தில் இந்தக் கதை நடுவில் அறுந்து போனது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது கொழும்புக்கும் கண்டிக்கும் பிள்ளைகளோடு போன குடும்பங்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. இடப்பெயர்வுகளில் அவையும் போயிட்டுது. 1990இல் ரயில் நின்றது. திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். இடையில் 24 வருடம். ரயிலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை தன் பிள்ளைகளை ஸ்ரேசனுக்குக் கூட்டிப்போனது, எங்கேயும் போக அல்ல, ரயில் பார்க்க. பிள்ளைகள் ஹோர்ன் சத்தத்துக்குப் பயந்து அழுததுகள். பெரியாக்கள்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றவை.

அந்த 24 வருடத்திலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பயணம் போகத்தான் போனார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவுக்கு இருபது வயது. பெரியம்மாவின் கைக்குழந்தை அவவின் தோளில். பால்மாப் பேணி, ஒரு சாறம், பிறப்புச் சான்றிதழ்கள் ஒரு ஷொப்பிங் பையில்.

இப்ப நிலாவெளிக்கு இரண்டு நாள் போவதென்றாலும் அம்மா அடுக்குகிற பையில் பிஸ்கற்றுக்கும் துவாய்க்கும் அடியில் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் பொலித்தீனில் சுற்றிக் கிடக்கும். கடலுக்குக் குளிக்கப் போறதுக்கு இதென்னத்துக்கு என்று நாங்கள் சிரிப்போம். அவவும் சேர்ந்து சிரிப்பா. வெளியில எடுத்து வைக்கிறதில்லை.