ஜோ ஃப்ளோம் வளர்த்த நிறுவனம்

ஒரு பெரிய வணிகச் சட்ட நிறுவனம் எந்தெந்த வேலையில் கெட்டி என்று தெரிந்துகொள்ள இன்று யாரையும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. அதற்கென்றே ஆண்டுதோறும் தரவரிசைப் புத்தகங்கள் வருகின்றன. லண்டனில் 1980களின் பிற்பகுதியில் ‘லீகல் 500’ தொடங்கியது. 1990இல் ‘சேம்பர்ஸ்’ வந்தது. கம்பெனி இணைப்பு, வங்கிக் கடன், வரி, திவால், வழக்காடல், ரியல் எஸ்டேட் என்று துறை துறையாகப் பிரித்து, முதல் வரிசையில் யார், இரண்டாம் வரிசையில் யார் என்று போட்டுவிடுவார்கள். நிறுவனங்களே அந்த ஆண்டு செய்த முக்கியமான வேலைகளை எழுதி, தங்களைப் பற்றிப் பேசக்கூடிய கட்சிக்காரர்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்பும். ஆய்வாளர்கள் அந்தக் கட்சிக்காரர்களிடமும் போட்டி வக்கீல்களிடமும் பேசிவிட்டு வரிசை போடுவார்கள்.

நம்மூர்ப் பள்ளிக்கூட ராங்க் கார்டு மாதிரிதான். அது பொய் சொல்லாது. கணக்கில் யார் முதல், அறிவியலில் யார் முதல் என்று சரியாகவே சொல்லும். ஆனால் அந்தப் பையனுக்கு ஃபீஸ் கட்டுவது யார், அவர் நாளைக்குக் கையை விரித்தால் இவன் என்ன ஆவான் என்பது அதில் இருக்காது. சட்ட நிறுவனங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். நியூயார்க்கின் ஸ்கேடன் நிறுவனம் அதற்கு நல்ல உதாரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நியூயார்க்கின் வணிகச் சட்டம் சில பழைய நிறுவனங்களின் கையில் இருந்தது. உயர்குடிக் கல்லூரி மாணவர்கள் அணிந்த வெள்ளைக் காலணியை வைத்து அவற்றுக்கு ‘வெள்ளை ஷூ’ நிறுவனங்கள் என்று பெயர். அவற்றின் நிர்வாக முறைக்கு இலக்கணம் எழுதியவர் பால் க்ரவாத். சிறந்த சட்டக் கல்லூரிகளில் முன்னணியில் வருபவர்களை நேரடியாக எடு, பல பார்ட்னர்களிடம் மாற்றி மாற்றிப் பழக்கு, தேறியவரை மட்டும் பார்ட்னராக்கு, வெளியிலிருந்து ஆள் எடுக்காதே. இதுதான் அந்த முறை. ரயில்வே கம்பெனிகளும் வங்கிகளும் தலைமுறை தலைமுறையாக அதே நிறுவனத்திடம் வரும். குடும்ப டாக்டர் மாதிரி குடும்ப வக்கீல்.

இந்த உலகத்துக்கு இரண்டு கதவுகள் சாத்தியிருந்தன. யூதர்களுக்கு உள்ளே இடம் கிடைப்பது அரிது. சில வேலைகளும் உள்ளே வராது. ஒரு கம்பெனியை அதன் நிர்வாகத்தின் சம்மதமில்லாமல் கைப்பற்றும் சண்டை அப்படிப்பட்ட வேலை. கனவான்கள் செய்கிற காரியமில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். தங்கள் கட்சிக்காரருக்கே அப்படியொரு வில்லங்கம் வந்தால், “அதுக்கு வேற ஆள் இருக்காங்க” என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வேற ஆள்தான் ஜோ ஃப்ளோம். 1923இல் பிறந்தவர், புரூக்ளினில் வளர்ந்தவர். அப்பா ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மா வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்தவர். இரவுக் கல்லூரி, ராணுவம், பிறகு இளங்கலைப் பட்டமே இல்லாமல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி. 1948 ஏப்ரல் 1 அன்று மார்ஷல் ஸ்கேடன், லெஸ்லி ஆர்ப்ஸ், ஜான் ஸ்லேட் என்ற மூன்று பேர் நியூயார்க்கில் ஒரு சிறிய அலுவலகம் திறந்தார்கள். அவர்கள் வேலைக்குச் சேர்த்த முதல் இளம் வக்கீல் ஃப்ளோம். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய ‘அவுட்லையர்ஸ்’ நூலில் இவருக்கு ஓர் அத்தியாயமே உண்டு.

புது அலுவலகத்துக்கு யார் வேலை தருவார்கள்? வாசலில் வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். 1950களில் அப்படி வந்ததில் முக்கியமானது ப்ராக்ஸி சண்டை. ஒரு கம்பெனியின் இயக்குநர்களை மாற்ற நினைப்பவர், பங்குதாரர்களிடமிருந்து வாக்குச் சீட்டுகளைத் திரட்டுவார். நிர்வாகமும் திரட்டும். கடைசியில் ஒரு அறையில் இரண்டு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து, இந்தக் கையெழுத்து செல்லும், அது செல்லாது என்று சீட்டு சீட்டாக மல்லுக்கட்டுவார்கள். நம்மூர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்கு அந்த அறையின் சூடு புரியும். ஃப்ளோம் அந்த அறையில் பேர் எடுத்தார்.

1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் வில்லியம்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. பங்குகளை மொத்தமாக விலைக்குக் கேட்பவர் யார், பணம் எங்கிருந்து, நோக்கம் என்ன என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பங்குதாரர்களுக்கு யோசிக்க அவகாசம் தர வேண்டும் என்றது. கைப்பற்றும் சண்டை இனி சட்டப் பிரிவுகளின் சண்டை. அதைப் பதினைந்து வருடமாகப் பழகியிருந்தவர்கள் நகரத்தில் ரொம்பக் கொஞ்சம் பேர்.

திருப்பம் 1974இல் வந்தது. கனடாவின் இன்கோ என்ற நிக்கல் கம்பெனி, பேட்டரி தயாரிக்கும் ஈஎஸ்பி கம்பெனியை அதன் சம்மதமில்லாமல் வாங்கக் கிளம்பியது. அதுவரை இதைத் தொடாத மார்கன் ஸ்டான்லி வங்கி இன்கோவுக்குத் துணை நின்றது. வக்கீல் ஃப்ளோம். பங்கு ஒன்றுக்கு 28 டாலரில் ஆரம்பித்த விலை, போட்டி வந்ததும் 41 டாலரில் முடிந்தது. மார்கன் ஸ்டான்லியே செய்கிறது என்றால் இனி யாரும் செய்யலாம். கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் வேலை தெரிந்தவராக நின்றது, உள்ளே விடப்படாத ஆட்கள். ஸ்கேடனுக்குச் சரிசமமாக எதிர்ப்பக்கம் நின்ற மார்ட்டின் லிப்டனும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்த யூதர். நண்பர்களோடு 1965இல் வாக்டெல் லிப்டன் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1982இல் ‘விஷ மாத்திரை’ என்ற தற்காப்பு உத்தியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கைப்பற்ற வருபவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு வாங்கினால், மற்ற பங்குதாரர்களுக்கு மலிவு விலையில் புதுப் பங்கு கிடைக்கும், வந்தவரின் பங்கு நீர்த்துப்போகும். 1985இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் இனிமேல்தான். ஃப்ளோமைக் கண்டு கம்பெனிகள் பயந்தன. எதிராளி அவரை அமர்த்திவிட்டால்? அதனால் சண்டை எதுவும் இல்லாத காலத்திலேயே ஆண்டுதோறும் ஸ்கேடனுக்கு ரிடெய்னர் கட்டின. ஆபத்துக்கு நமக்கு வருவார் என்பது பாதி. நமக்கு எதிராக வரமாட்டார் என்பது மீதி. சும்மா கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று, அதைக் கழித்துக்கொள்ள வேறு சட்ட வேலைகளையும் ஸ்கேடனுக்கே தந்தார்கள். ஒரே வேலையில் பேர் எடுத்த கடையில் வரி, ரியல் எஸ்டேட், வங்கிக் கடன் என்று ஒவ்வொரு பிரிவாக முளைத்தது. 1980களின் முடிவில் ஏறத்தாழ ஆயிரம் வக்கீல்கள். 1988இல் ஆர்ஜேஆர் நபிஸ்கோ ஏலத்தில் இயக்குநர் குழுவுக்கு ஆலோசனை சொன்னதும் ஸ்கேடன்தான். அந்த வியாபாரம் சுமார் 25 பில்லியன் டாலருக்கு முடிந்தது.

இதே காலத்தில் அளக்கும் கோலும் மாறியது. 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. 1979இல் ஸ்டீவன் பிரில் ‘அமெரிக்கன் லாயர்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1985 முதல் பெரிய நிறுவனங்களின் வருமானத்தையும், ஒரு பார்ட்னருக்கு எவ்வளவு லாபம் என்பதையும் வரிசைப்படுத்தி அச்சிட ஆரம்பித்தார். அதுவரை பக்கத்துக் கட்டடத்து வக்கீல் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? க்ரவாத் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காதது நடந்தது. பார்ட்னர்கள் கட்சிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு நிறுவனம் மாறத் தொடங்கினார்கள்.

இதன் விலையை முதலில் கொடுத்தது ஃபின்லி கம்பிள். பெரிய பெரிய பெயர்களை, முன்னாள் செனட்டர்களைக்கூட, காசு கொடுத்து இழுத்து நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1987 முடிவில் கடனோடு கலைந்துபோனது. அடுத்தது இன்னும் கசப்பு. லெஸ்லி ஆர்ப்ஸ் முன்பு வேலை பார்த்த ரூட் கிளார்க் என்ற மதிப்புமிக்க நிறுவனம், பிற்காலத்தில் டூவி பாலன்டைன் ஆனது. 2007இல் இன்சூரன்ஸ் துறையில் பேர்போன லெபோஃப் லாம்புடன் இணைந்தது. வக்கீல்கள் ஆயிரத்துக்கும் மேல். நட்சத்திர பார்ட்னர்களுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று சம்பளம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பணம் குறைந்ததும் ஆட்கள் நழுவினார்கள். சில மாதங்களில் கூடாரம் காலி. 2012 மே 28 அன்று திவால் மனு. துறை துறையாகப் பார்த்தால் அந்த நிறுவனம் பலமாகத்தான் இருந்தது. அந்தப் பலமெல்லாம் காலையில் லிஃப்டில் ஏறி வந்து மாலையில் இறங்கிப் போகிற மனிதர்களுடையது. அவர்கள் மறுநாள் திரும்பி வருவதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறாய் என்று எந்தப் பட்டியலும் கேட்டிருக்கவில்லை.

கடைசிப் பரீட்சை 2025இல் வந்தது. தனக்குப் பிடிக்காத வழக்குகளை நடத்திய, பிடிக்காத ஆட்களை வைத்திருந்த சட்ட நிறுவனங்கள் மீது அதிபர் டிரம்ப் உத்தரவுகள் போட்டார். அரசுக் கட்டடங்களுக்குள் நுழையத் தடை, ரகசியத் தகவல் பார்க்கும் அனுமதி ரத்து, அவர்களிடம் போகும் கட்சிக்காரர்களின் அரசு ஒப்பந்தங்களுக்கும் சிக்கல். தன் மீது உத்தரவே வராத நிலையில், மார்ச் 28 அன்று ஸ்கேடன் 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள இலவசச் சட்டப் பணி செய்வதாக ஒப்புக்கொண்டது. கட்சிக்காரர்களின், ஊழியர்களின் நலனுக்காக எடுத்த முடிவு என்றது நிர்வாகம். ஏப்ரலில் கிர்க்லாண்டு, லேதம் போன்ற மிகப் பெரிய நிறுவனங்களும் தலைக்கு 125 மில்லியன் என்று ஒத்துக்கொண்டன. பெர்கின்ஸ் கூயி, ஜென்னர் அண்ட் பிளாக், வில்மர்ஹேல், சஸ்மன் காட்ஃப்ரி ஆகிய நான்கும் நீதிமன்றம் போயின. நான்கு வெவ்வேறு நீதிபதிகள். நான்கு உத்தரவுகளும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

போராடியவர்கள் தைரியசாலிகள், பணிந்தவர்கள் கோழைகள் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. போராடிய நான்கில் மூன்று, வழக்காடலைப் பிரதானமாகக் கொண்டவை. சஸ்மன் காட்ஃப்ரிக்கு வழக்காடல் தவிர வேறு வேலையே கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு அரசை எதிர்த்து நிற்பது விளம்பரமாகக்கூட அமையும். கம்பெனி இணைப்பில் வாழும் நிறுவனத்துக்கு அப்படியில்லை. ஒவ்வொரு இணைப்பும் போட்டி ஆணையத்திடமோ பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரிடமோ போய் நிற்க வேண்டும். நீ வழக்கில் ஜெயிக்கும்வரை எந்தக் கட்சிக்காரர் காத்திருப்பார்? அவர் நகர்ந்தால் பார்ட்னர் நகர்வார். பார்ட்னர் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2012 காட்டியிருந்தது. எந்தத் துறை ஸ்கேடனை முதல் வரிசையில் உட்கார வைத்ததோ, அந்தத் துறையின் வழியாகத்தான் அதன் கையை முறுக்க முடிந்தது.

இதையும் நியாயமாக வைத்துவிட்டு அந்த நிறுவனத்தின் குற்றத்தை முழுக்கக் கழித்துவிட முடியாது. 1988இல், தன் நாற்பதாவது ஆண்டில், ஏழைகளுக்காக வாதாடும் இளம் வக்கீல்களுக்குச் சம்பளம் தரும் நிதியுதவித் திட்டத்தைத் தொடங்கிய அதே ஸ்கேடன்தான் இது. ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்து வெளிப்படையாகவே ராஜினாமா செய்த இளம் வக்கீல்களும் இருந்தார்கள். வேறு வழி இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஃப்ளோம் 2011இல் இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 1950களில் அவரிடம் இழக்க ஒன்றும் இல்லை, அதனால் யாரும் தொடாத வேலையைத் தொட முடிந்தது. 2025இல் அவர் நிறுவனத்திடம் இழக்க எல்லாமே இருந்தது. இப்போது தரவரிசைப் புத்தகத்தில் எந்த நிறுவனத்தின் பக்கத்தைப் புரட்டினாலும், முதல் வரிசையில் இருக்கும் துறையின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்வி எழுதிக்கொள்கிறேன்: இந்த வேலை நடக்க யாருடைய தயவு வேண்டும்?