குமிழித் தூம்பு முதல் சுத்திகரிப்பு நிலையம் வரை
நீர்த் தொழிலின் கதையும், நம் பிள்ளைகளுக்கான வாய்ப்புகளும்



"நீ தண்ணீர்த் துறையில இருக்கே. வரப்போற கருத்தரங்கு, வேலைவாய்ப்பு இதைப் பத்தியெல்லாம் பசங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுப்பா" என்று மலர்க் குழுவில் உள்ள அண்ணன் ஒருவர் கேட்டுக்கொண்டார். பட்டியலாகக் கொடுத்தால் அடுத்த வருஷமே அது பழசாகிவிடும். இந்த வாய்ப்புகள் எங்கிருந்து வந்தன, எந்தப் பக்கம் போகின்றன என்று தெரிந்துகொண்டால் பட்டியலை அவரவரே போட்டுக்கொள்ளலாம். ஆகவே கொஞ்சம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பொறியாளர்கள்

எனக்குச் சொந்த ஊர் விராலிமலைப் பக்கம் ஆவூர். ஊர்ப் பெயரைச் சொன்னால் பெரியநாயகி மாதா கோயில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வீரமாமுனிவர் வந்து பணி செய்த தலம் அது. ஆனால் எங்கள் சீமையில் கோயிலுக்கு அடுத்தபடி ஓர் ஊருக்கு அடையாளம் குளம்தான். வற்றாத ஆறு எங்களுக்குக் கிடையாது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குளங்களும் கண்மாய்களும் ஒன்றுக்கொன்று சங்கிலி போட்டாற்போல் கிடக்கின்றன.

வறண்ட கோடையில் ஏதாவது ஒரு பழைய கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். கரையிலிருந்து தள்ளி, தண்ணீர் நிற்கும் இடத்தில், இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மட்டத்தில் ஒரு துளை, அடிமட்டத்தில் சிறு துளைகள். மேலே உள்ளதற்கு நீரோடி என்று பெயர், கீழே உள்ளவற்றுக்குச் சேறோடி. மேல்துளை அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் சுழன்று இறங்கும். அந்த இழுப்பில் அடியில் தங்கிய சேறும் சேறோடி வழியாக உள்ளே வந்து, சுரங்கக் கால்வாய் வழியே வயலுக்குப் போய்விடும். பாசனமும் நடக்கும், மடையைச் சுற்றித் தூரும் சேராது, வயலுக்கு வண்டலும் கிடைக்கும். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது. 'கிராவிட்டி'யை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே அமைப்பில் மூன்று வேலை!

இந்தத் தூண்கள் பலவற்றில் குமிழி செய்து வைத்தவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். செய்து வைத்ததோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். குளத்தைப் பராமரிக்க 'ஏரிப்பட்டி' என்று நிலம் ஒதுக்கினார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, அதாவது 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து, உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வருகிறது. ஆளுக்கும் பணத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கட்டினார்கள்.

இந்த ஏற்பாடு கலைந்தபோது குளங்களும் கலைந்தன. வெள்ளைக்கார அரசு 1858-இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கி மதராஸ் மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டது. ஊராரே முறை வைத்துச் செய்துவந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றாலே நிலைமை புரியும். அதே குடிமராமத்துப் பெயரில் 2016-17-இல் தமிழக அரசு மறுபடி ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

குடிநீர் தனித் தொழிலான கதை

பாசனம் பழைய தொழில். குடிநீர் வழங்குவது தனித் தொழிலானது பட்டணத்தில். சென்னைக் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-இல் தோண்டப்பட்டதுதான் ஏழு கிணறு. கேப்டன் பேக்கர் என்பவர் செய்த ஏற்பாடு அது. தெருவுக்கு இன்னமும் அந்தப் பெயர்தான். நூறு வருஷம் கழித்து, 1872-இல், பொறியாளர் ஃபிரேசர் போட்ட திட்டப்படி கொற்றலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் திருப்பி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது வடிகட்டாத தண்ணீர். 1914-இல் மேட்லி என்ற பொறியாளர் காலத்தில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்த பிறகுதான் 'சுத்திகரித்த குடிநீர்' என்ற பேச்சே வந்தது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. அதற்கு முன்னின்றவர் மேயர் சத்தியமூர்த்தி.

நம் புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் ஒரு கதை உண்டு. 1878-இல் நிர்வாகத்துக்கு வந்த சேஷையா சாஸ்திரி நகரத்தின் தெருக்களைத் திருத்தியதோடு, புதுக்குளம், பல்லவன் குளம் முதலிய குளங்களையும் சீர்படுத்தினார். ஊருக்குக் குடிநீர் அவைதான். ஒரு திவான் குளத்துச் சேற்றைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழில் வேகமாக வளர்ந்தது. நாகபுரியில் 1958-இல் மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்று அதைத்தான் 'நீரி' என்கிறோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் வந்தது, சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல்.

இடையில் நாம் பெருமைப்படவேண்டிய ஒரு விஷயம் நடந்தது. ஊர்ப்புறத்தில் தெருவுக்குத் தெரு இருந்த அடிபம்பை மறந்திருக்க மாட்டீர்கள். 'இந்தியா மார்க் 2' என்ற அந்தப் பம்பு யூனிசெஃப் உதவியோடு உருவாகி, 1976-77-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஊர்களில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் நாள் முழுக்க அடித்தும் தாங்குகிறதா என்பதுதான் சோதனை. தாங்கியது. பிறகு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. நம் மண்ணில் நின்று தேறிய சாமான் உலகத்துக்கே தண்ணீர் கொடுத்தது.

அதற்குப் பிறகு வந்தவை கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள். திருச்சிக் காவிரியில் எடுத்த தண்ணீர் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் குழாயில் போகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவி ஏறி, எலும்பு வளைந்து மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் திட்டம் 2013-இல் அவர்களுக்கு ஆற்று நீரைக் கொண்டுவந்தது.

யாரும் பேசாத மறுபாதி

வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே போகத்தானே வேண்டும்? அது எங்கே போகிறது என்று நாம் ரொம்ப காலம் கேட்கவில்லை. திருப்பூர் நமக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது. சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்த் தொட்டியானது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு அந்தத் தொழில் மாறியது. அதிலிருந்து எத்தனை பொறியாளர்களுக்கு வேலை பிறந்தது என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே 2019-இல்தான் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், சாக்கடைத் தண்ணீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் வேலை தொடங்கின. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அவ்வளவு நல்ல தண்ணீர் ஊருக்கு மிச்சம் என்று அர்த்தம்.

இந்த மறுபாதியின் இருட்டையும் சொல்லாமல் விடக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும், இன்னும் விரிவாக 2013-இலும் சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட முடியாது. செப்டிக் டேங்குக்குள் என்ன வாயு இருக்கிறது என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். உள்ளே இறங்குகிறவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்புறம் வேங்கைவயல். 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து அந்தச் சிற்றூரில் தலித் மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். இது வெறும் பொறியியல் விஷயமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், தொட்டித் தண்ணீரை நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்கிற ஒரு தாய்க்கு நம் தொழில் என்ன உறுதி தருகிறது? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

வேலை எங்கே இருக்கிறது?

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்களே சாஃப்ட்வேருக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் 'தண்ணீர்த் துறைன்னா குழாய் போடுறது, அதெல்லாம் முடிஞ்சு போச்சு' என்று நினைத்து யாரும் ஒதுங்கவேண்டாம். கட்டுகிற வேலை பாதிதான். நடத்துகிற வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஓர் ஊரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கட்டிடம் பளபளவென்று இருந்தது. இரவில் கரண்டு செலவை மிச்சம் பிடிக்க ஏரேட்டரை நிறுத்திவிடுவார்களாம். "ராத்திரியில யாரு சார் பாக்கப் போறா?" என்றார் அங்கிருந்த ஆபரேட்டர். கழிவைத் தின்கிற பாக்டீரியாவுக்கு மூச்சுக்காற்று நின்றால் அது செத்துப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் போட்ட பணம் ஒரு சுவிட்சில் வீணாகிக்கொண்டிருந்தது. குமிழி கட்டியவர்கள் ஏரிப்பட்டி ஒதுக்கியது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக உறைத்தது.

ஆகவே இன்றைய வாய்ப்புகள் இவை. அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணித் தேர்வுகள், குடிநீர் வாரியங்கள், நகராட்சிப் பொறியாளர் பணிகள். நம் புதுக்கோட்டையே 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. தனியாரில் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கிப் பராமரிக்கும் ஒப்பந்தங்கள், ஆலைக் கழிவுநீர், மீஞ்சூர், நெம்மேலி போன்ற கடல்நீர்க் குடிநீர் நிலையங்கள். வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்குப் பரிசோதனைக் கூடங்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கசிவு கண்டுபிடிப்பது, குழாய் வரைபடம், மீட்டர் கணக்கு. சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள் செப்டிக் டேங்க் கழிவைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்தான் அதிகம். திருச்சியில் லாரிக்காரர்கள் அந்தக் கழிவை வயலில் கொட்டாமல் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையங்களில் இறக்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்பும் முறை இருக்கிறது. போய்ப் பார்த்து வாருங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும் உண்டு. கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குக் கொண்டுவந்து 2003 முதல் வழங்கும் நாடு சிங்கப்பூர்.

எங்கெங்கே போகலாம்?

இந்தியக் குடிநீர்ப் பணிகள் சங்கம் 1968 முதல் இருக்கிறது. அதன் ஆண்டு மாநாட்டுக்குப் போனால் புத்தகத்தில் கிடைக்காத அனுபவம் கிடைக்கும். மத்திய அரசின் 'இந்திய நீர் வாரம்' 2012-இல் தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் 1991 முதல் ஒவ்வோர் ஆண்டும் உலக நீர் வாரம் நடக்கிறது. சர்வதேச நீர்ச் சங்கத்தின் மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2022-இல் கோபன்ஹேகனிலும் 2024-இல் டொராண்டோவிலும் நடந்தது. அந்தச் சங்கத்தில் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. என்னைப் போன்றவர்களுக்குக் கதவு மூடிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கிறது, விடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பக்கத்தில் ஒரு மாநாடு இருக்கிறது. கட்டணம் கிடையாது, கோட்டு சூட்டு வேண்டாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். 1993 முதல் ஐ.நா. கொண்டாடிவருகிறது. தமிழ்நாட்டில் அன்றைக்கும் கிராம சபை கூடவேண்டும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் வந்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தார்கள். தண்ணீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி என்றும் வைத்தார்கள். உங்கள் ஊர்க் கிராம சபையில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்கிறதா? சோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது?

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நீர்த் துறையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் ஆளுக்கு இரண்டு பேரை விடுமுறையில் தம் நிலையத்துக்கு அழைத்துக்கொள்ளட்டும். எங்கள் ஆவூரில் தொடங்கி, கல்லூரியைச் சுற்றிய பத்து ஊர்த் தொட்டிகளை வருஷம் இரண்டு முறை நம் மாணவர்கள் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். செலவு அதிகமில்லை. சோதனை மருந்துக்கான முதல் வருஷச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் வருஷத்துக்கு ஓர் அண்ணனோ அக்காவோ முன்வரவேண்டும்.

வாருங்கள், நம் ஊர்த் தண்ணீரிலிருந்தே தொடங்குவோம்.