ஏரியும் சேரியும்: செங்கல்பட்டுப் பஞ்சமி நிலத்தின் கதை



பஞ்சமி நிலம் என்றதும் அரசாணை எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்குவது நம் வழக்கம். இன்று ஏரிக்கரையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறோம். அந்த ஆணை எதற்காக வந்தது என்பது நிலத்தின் அமைப்பைப் பார்த்தால்தான் விளங்கும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் என்பது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய மூன்றும் சேர்ந்தது. பாலாறும் செய்யாறும் ஓடினாலும் வருடம் முழுக்கத் தண்ணீர் தரும் ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தால்தான் சோறு. அதனால் இது ஏரிகளின் நாடு. இன்றும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டிலுமாக நீர்வளத் துறைக் கணக்கில் 909 ஏரிகள் இருக்கின்றன. மதுராந்தகம், உத்திரமேரூர், தென்னேரி ஆகியவை பெரியவை.

ஏரிக்கரை மேல் ஏறி நின்று பாருங்கள். மடைக்குக் கீழே நஞ்சை. அதை அடுத்து மேடான நத்தத்தில் ஊர். வயலைத் தாண்டி, பெரும்பாலும் தாழ்வான இடத்தில், சேரி. ஐப்பசி மழையில் தண்ணீர் முதலில் புகும் இடமும் கோடையில் குடிதண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்கிற இடமும் அதுதான். மடையைத் திறந்து மூடி எந்த வயலுக்கு எவ்வளவு பாய வேண்டும் என்று பார்த்த நீர்க்கட்டி பல ஊர்களில் சேரி ஆள். கரை உடையும் இரவில் மண் சுமந்து ஓடியவரும் அவரே. மதுராந்தகம் ஏரியைக் கலெக்டர் லியோனல் பிளேஸ் காலத்தில் ராமர் வந்து காத்தார் என்பது தலபுராணம். அன்று கரையில் மண் கொட்டியவர்கள் யார் என்று அந்தக் கதை சொல்வதில்லை.

தண்ணீரை ஆண்டவருக்கு நிலம் இல்லாமல் போனது எப்படி? மிராசு என்ற ஒற்றைச் சொல்லில் பாதி விடை இருக்கிறது. காணியாட்சி என்றும் சொல்வார்கள். ஊரின் நிலம் முழுவதும் சில குடும்பங்களின் பங்கு. அந்தப் பங்கில் விளைநிலம் மட்டும் அடங்கவில்லை, தரிசும் மரமும் குளமும் சேர்ந்து வந்தன. சேரி நின்ற மனையும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. ரயத்துவாரி வந்த பிறகும் இந்த மாவட்டத்தில் மிராசு எளிதில் சாகவில்லை. தரிசு நிலம் கேட்டு யார் தர்காஸ்து மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. அதையும் மீறி ஒருவர் நிலம் வாங்கிவிட்டால், சுதந்திரம் என்ற பெயரில் மிராசுதாருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். சுதந்திரம் என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் இப்படியும் ஒரு பொருள் இருந்தது.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அதனால் சேரியில் என்ன மாறியது? அடிமை என்ற பெயர் போய்ப் படியாள், பண்ணையாள் என்ற பெயர்கள் நின்றன. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க் கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. வேலையை விட்டு வேறு ஊர் போக நினைத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான், ஏனென்றால் மனை அவனுடையது அல்ல. இந்த மனைப் பிடிதான் முக்கியம் என்று நாங்கள் கருதுகிறோம். கூலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

1891-இல் கலெக்டர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். மனை உரிமை, தரிசு நிலம், பள்ளிக்கூடம் ஆகியவை அவர் கேட்டவற்றில் அடங்கும். அவரை ஒரு மீட்பராக்கிப் படம் வைத்து வணங்குவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதே 1891-இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை கண்டார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஆதரவாக நின்ற மிஷனரிகளும் இருந்தார்கள். கலெக்டரின் பேனா ஓடிய காலத்தில் சேரியும் பேசிக்கொண்டிருந்தது.

1892 செப்டம்பர் 30-இல் அரசாணைகள் 1010, 1010-ஏ வந்தன. அவர் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. மிராசுதார்கள் எதிர்த்தார்கள். பறையனுக்கு நிலம் போனால் தங்கள் வயலில் இறங்க ஆள் ஏது என்பதே அவர்களுடைய கவலை. என்றாலும் ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. பின்னர் வந்த ஒப்படைப்புகளில் நிபந்தனை எழுதப்பட்டது: பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். டி.சி. நிலம் என்று கணக்கிலும் பஞ்சமி நிலம் என்று வாயிலும் வழங்குவது இதைத்தான்.

மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் சொல்கிறோம். சொல்வோம், தவறில்லை. ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் 12 லட்சத்துக்கு மதிப்பு இல்லை. அங்கே கேட்பது சர்வே எண்.

கொடுத்த நிலம் எது என்பதையும் பார்க்க வேண்டும். மடைக்குக் கீழே உள்ள நஞ்சையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லும் முள்ளுமான தரிசுதான் மிஞ்சியது. மாடு இல்லை, கிணறு வெட்டப் பணமில்லை. மானாவாரியாக வரகோ கேழ்வரகோ விதைத்து மழை பொய்த்த வருடம் கைநாட்டு வைத்து நிலம் அடகுக்குப் போனது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, அடங்கலை எழுதும் கோல் கர்ணத்தின் கையில் இருந்தது. 1980-இல் கர்ணம் பதவி ஒழிந்தது. அதே காலத்தில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில், யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயர் ஏறிய இடங்கள் பல. டி.சி. என்ற இரண்டு எழுத்தும் புதிய பதிவேட்டுக்கு வராமலே போயின. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையும் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் விலை ஏறின. யாரும் சீண்டாத கல்லாங்காடு வீட்டுமனையானது.

மாமல்லபுரம் அருகே காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்தார்கள், அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் அன்று பிறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இரண்டு பெயர்களையும் நிறுத்திச் சொல்கிறோம்.

இனி வேலையைப் பற்றி. கணினிச் சிட்டாவைப் பார்த்துப் 'பஞ்சமி இல்லை' என்று திரும்பி வராதீர்கள். மேம்பாட்டுக்கு முந்தைய அ-பதிவேடு வேண்டும், அதன் குறிப்புக் கலம் வேண்டும், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பதிவேடு வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கும்போது கிராமத்தின் பெயரையும் பழைய சர்வே எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். 'எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலங்கள்' என்று மொத்தமாகக் கேட்டால் 'அப்படி ஒரு வகைப்பாடு இல்லை' என்ற ஒற்றை வரி வரும். எங்களுக்கு வந்திருக்கிறது. மாவட்டம் 1997-லும் 2019-லும் பிரிந்ததில் பழைய கட்டுகள் இடம் மாறியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எங்கள் குறைகளும் உண்டு. பழைய ஒப்படைப்புகள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. நாங்களும் ஆண்களைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். நாற்று நட்ட, களையெடுத்த பெண்களுக்குத்தான் எந்த வரப்பு யாருடையது என்று தெரியும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஏரி உள்வாயிலும் ஓடைக்கரையிலும் பட்டா இல்லாமல் இருக்கும் இருளர்களையும் இந்தக் கோரிக்கையில் எங்கே வைப்பது என்று இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஒரு கிராமத்தில் பதிவேட்டு நகலோடு போயிருந்தோம். எண் பொருந்தியது, இடம்தான் பிடிபடவில்லை. எழுபதைத் தாண்டிய ஓர் ஆயா ஏரிக்கரையில் எங்களை நிறுத்தி, கம்பிவேலிக்குள் நின்ற ஒரு பனைமரத்தைக் காட்டினார். "அதுதாம்பா எங்க மாமனார் கொல்லை. மல்லாட்ட போட்டோம்" என்றார். வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த மரம் எங்கள் சர்வே எண்ணின் வடகிழக்கு மூலையில் இருந்தது. வருகிற மாதம் அந்த எண்ணுக்கு அளவை மனுக் கொடுக்கிறோம். உடன் வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.