சவுத்தாம்ப்டனில் வாங்கிய கோடுகள்

ஸ்பெயினில் கால்பந்து பார்ப்பவர்களிடம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வார்கள். பில்பாவோ நகரின் அத்லெதிக் கிளப்பும் மத்ரீதில் இருந்த அதன் கிளையும் அப்போது நீலமும் வெள்ளையும் பாதிப் பாதியாகப் பிரிந்த சட்டையில் ஆடிவந்தன. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணி உடுத்தும் அதே சட்டை. 1909 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹுவான் எலோர்துய் என்ற இளைஞர் இங்கிலாந்து போகிறார். மத்ரீத் கிளையில் ஆடியவர், அதன் நிர்வாகத்திலும் இருந்தவர். வரும்போது புதுச் சட்டைகள் வாங்கி வா என்று சொல்லி அனுப்புகிறார்கள். தேடிப் பார்த்தும் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு கப்பலேற சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்கு வருகிறார். அந்த ஊர் அணியின் சட்டை சிவப்பு, வெள்ளைக் கோடு போட்டது. பில்பாவோவின் நிறமும் சிவப்பும் வெள்ளையும்தானே என்று நினைக்கிறார். ஐம்பது சட்டைகளை வாங்கிக்கொண்டு கப்பலேறிவிடுகிறார். இன்று இரண்டு பெரிய கிளப்புகளின் அடையாளமாக இருப்பது அந்த மூட்டையில் வந்த நிறம்.

துறைமுகம், கடைசி நேரம், கைகொடுத்த தற்செயல் எல்லாம் அளவாகக் கலந்த கதைகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பலர் வாய்ப்பட்டு வழுவழுப்பான கதை என்று தோன்றும். போதாததற்கு இதற்கு ஒரு போட்டிக் கதையும் உண்டு. சிவப்பு வெள்ளைக் கோடு வந்தது சவுத்தாம்ப்டனிலிருந்து அல்ல, சண்டர்லாந்திலிருந்து என்கிறது அது. பில்பாவோவின் சுரங்கங்களிலும் கப்பல் தளங்களிலும் வேலை பார்க்க வந்த வட இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பந்தோடு தங்கள் ஊர் அணியின் நிறத்தையும் கொண்டுவந்தார்களாம். சண்டர்லாந்து ரசிகர்களுக்கு இது மிகவும் பிடித்த கதை. இரண்டில் எது நிற்கும் என்று பார்க்கத்தான் பழைய பத்திரிகைகளுக்குள் இறங்கினேன்.

சண்டர்லாந்துக் கதைக்குப் பின்புலம் வலுவாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பில்பாவோவைச் சுற்றியிருந்த மலைகளிலிருந்து இரும்புத் தாது கப்பல் கப்பலாக பிரிட்டனுக்குப் போனது. திரும்பி வரும் கப்பல்களில் நிலக்கரி வந்தது. கூடவே மாலுமிகளும் பொறியாளர்களும் வந்தார்கள். 1894 மே மாதம் பில்பாவோவை அடுத்த லாமியாக்கோவில் இருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் பிரிட்டிஷ்காரர்களும் உள்ளூர் இளைஞர்களும் மோதிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ஐந்து கோல் வாங்கினார்கள், ஒன்றும் அடிக்கவில்லை. பில்பாவோவின் கால்பந்து வரலாறு இப்படித் தோல்வியில்தான் தொடங்குகிறது. இன்னொரு பக்கம் பில்பாவோவின் பணக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பின. படித்துத் திரும்பிய அந்தப் பையன்கள் 1898இல் தொடங்கிய கிளப்புக்குத்தான் 'அத்லெதிக்' என்று ஆங்கிலப் பெயர் வைத்தார்கள்.

ஆக, ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள் என்பதில் தகராறு இல்லை. ஆனால் நிறம்? இதற்கு ஆவணக் காப்பகம் வரைகூடப் போக வேண்டாம், ஒரு காலண்டர் போதும். சண்டர்லாந்து 1880களின் இறுதியிலேயே சிவப்பு வெள்ளைக் கோட்டுக்கு வந்துவிட்டது. தொழிலாளர்கள் வந்தது 1890களில். அவர்கள்தான் நிறத்தைக் கொடுத்தார்கள் என்றால் அத்லெதிக் தொடக்கம் முதலே கோடு போட்டிருக்க வேண்டும். அது முதலில் ஆடியதோ வெறும் வெள்ளைச் சட்டையில். 1902 வாக்கில் ஹுவான் மோசர் என்ற உறுப்பினர் நீல வெள்ளைச் சட்டைகளை வாங்கித் தந்ததாகக் கிளப் வரலாறு சொல்கிறது. 1903இல் மத்ரீதில் படித்துக்கொண்டிருந்த, பில்பாவோ அடங்கிய பாஸ்க் பகுதியின் மாணவர்கள் அங்கே கிளை தொடங்கியபோது அவர்களும் அதே நீல வெள்ளையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இடையில் இப்படி ஏழெட்டு வருட நீலம் குறுக்கே நிற்கிறது. சண்டர்லாந்துக் கதையால் அதைத் தாண்ட முடியவில்லை.

அடுத்து புகைப்படங்கள். பழைய அணிப் படங்களைப் பார்த்து நிறம் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். இணையத்தில் அவற்றுக்கு வண்ணம் பூசிப் போடுகிறவர்களும் உண்டு. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் காலத்து ஒளிப்படக் கண்ணாடித் தகடுகள் எல்லா நிறத்தையும் நம் கண் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. நீல ஒளி அவற்றில் பலமாகப் பதியும், சிவப்பு ஒளி ஏறக்குறைய பதியவே பதியாது. விளைவு என்னவென்றால், நீலத் துணி படத்தில் உள்ளதைவிட வெளிறித் தெரியும். சிவப்புத் துணி கன்னங்கரேலென்று விழும். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் தகடுகள் 1906 முதல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. என்றாலும் ஒரு விளையாட்டு மைதானத்தில் அவசரமாகப் படம் பிடித்தவர் அதைத்தான் பயன்படுத்தினார் என்று எண்ண ஆதாரம் வேண்டும்.

அதனால் படத்தில் கறுப்பாகத் தெரிகிற கோட்டைப் பார்த்து 'இது கருநீலமாக இருக்கலாம்' என்று ஊகிப்பதில் அர்த்தமில்லை. சொல்லப்போனால் அந்தக் கறுப்பு சிவப்புக்குத்தான் சாட்சி. அதேபோல, வெளிறிய சாம்பல் தெரிந்தால் சாயம் போன துணி என்று முடிவுகட்டுவதும் அவசரம். தகடு நம்மை ஏமாற்ற முடியாத விஷயம் ஒன்று உண்டு. அது வடிவம். நெஞ்சின் நடுவில் இரண்டாகப் பிரிந்த சட்டையையும் மேலிருந்து கீழாகக் கோடு ஓடும் சட்டையையும் எந்தத் தகடும் குழப்பாது. எனவே படங்களை வரிசைப்படுத்தும்போது நிறத்தை விட்டுவிட்டு வெட்டைப் பார்க்க வேண்டும். பாதிப் பாதி எப்போது நின்றது, கோடு எப்போது தொடங்கியது? பில்பாவோ அணிக்குக் கோடுகளின் முதல் ஆட்டம் 1910 ஜனவரி 9 அன்று, இருண் நகர அணிக்கு எதிராக. எலோர்துய் இங்கிலாந்து சென்றிருந்த கிறிஸ்துமஸுக்கும் இதற்கும் இடையில் இரண்டே வாரம். ஒரு மூட்டை கப்பலில் வந்து இறங்கிப் பிரிக்கப்பட்டு மைதானத்துக்குப் போக ஆகிற காலம்தான். தேதிகள் கதைக்குச் சாதகமாகவே நிற்கின்றன.

கடைக்கு வருவோம். 'சவுத்தாம்ப்டன் அணியின் சட்டை' என்று நாம் இன்று சொல்லும்போது மனதில் வருவது கிளப் சின்னமும் விளம்பரப் பெயரும் பதித்த, ரசிகர்களுக்கென்று விற்கிற சட்டை. 1909இல் அப்படி ஒரு பண்டமே கிடையாது. விளையாட்டுச் சாமான் கடைகள் பள்ளிகளுக்கும் தேவாலய அணிகளுக்கும் தொழிற்சாலை அணிகளுக்கும் சேர்த்தே சட்டைகளை வைத்திருந்தன. சிவப்பு வெள்ளைக் கோடு அவற்றில் ஒரு வழக்கமான சரக்கு. கடைக்காரரின் அலமாரியில் சவுத்தாம்ப்டன் சட்டை, சண்டர்லாந்து சட்டை என்று தனித்தனி அடுக்கு இருந்திருக்க வழியில்லை. இந்த வகையில் இரண்டு கதைகளும் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்பேன். துணி எந்த அணியுடையதும் அல்ல. துறைமுகம் மட்டும் சவுத்தாம்ப்டன்.

அந்தத் துறைமுகம் பொருத்தமாகவும் இருக்கிறது. தேவாலய இளைஞர் சங்கத்தின் அணியாக 1885இல் தொடங்கிய சவுத்தாம்ப்டன், 1896 முதல் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டது. ஊர் நிறம் என்று கடைகள் அதையே அதிகம் வைத்திருக்கும். பிளாக்பர்னோ வடக்கே லங்காஷயரின் நூல் ஆலை நகரம். தெற்குக் கரையில் கப்பலுக்குக் காத்திருப்பவருக்கு அந்தப் பாதிப் பாதிச் சட்டை அணி முழுவதற்கும் தேவையான அளவில் கிடைக்காததில் வியப்பென்ன? 1912இல் டைட்டானிக் கிளம்பப்போகிற துறைமுகம் அது. பயணிகள் குவிகிற இடம். இந்தப் பகுதியை நான் நம்புகிறேன்.

எனக்கு ஒட்டாதது அடுத்த வரிதான்: 'பில்பாவோவின் நிறமும் சிவப்பும் வெள்ளையும்தானே.' இது பொய்யில்லை. 1845இல் ஸ்பெயின் அரசு ஒவ்வொரு கடல் மாவட்டத்துக்கும் கப்பல்களில் பறக்கவிட ஓர் அடையாளக் கொடி கொடுத்தது. பில்பாவோவுக்கு வந்தது வெள்ளைக் கொடி, கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் சிவப்புச் சதுரம். கப்பல்களை நம்பிப் பிழைத்த ஊரில் அந்தக் கொடியை அறியாதவர் இருந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் 1898இல் கிளப்பைத் தொடங்கியவர்கள் ஏன் அதை எடுக்கவில்லை? 1902இல் மோசர் சட்டை வாங்கும்போது ஏன் யாருக்கும் நினைவு வரவில்லை? எலோர்துயையே நீல வெள்ளை வாங்கத்தானே அனுப்பினார்கள்! ஊர்க்கொடியின் மேல் பற்று என்பது மூட்டை பிரிக்கப்பட்ட பிறகு, 'ஏன் இதை வாங்கி வந்தாய்?' என்ற கேள்விக்குக் கிடைத்த நல்ல பதிலாக இருக்க வேண்டும். முதலில் வந்தது துணி. காரணம் அதற்குப் பின்னால் வந்து ஏறிக்கொண்டது என்பதே என் முடிவு.

நிறம் ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிளப் வரலாறுகள் இதை நிறத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. 1910இல் ஸ்பெயினில் அமைப்பாளர்களுக்குள் சண்டை வந்து இரண்டு கோப்பைப் போட்டிகள் நடந்தன. ஒன்றை பார்சிலோனா வென்றது, மற்றதை அத்லெதிக் வென்றது. மறுவருடம் சண்டை தீர்ந்து ஒரே கோப்பையானபோது அதுவும் அத்லெதிக்குக்கே. புதுச் சட்டை போட்டதிலிருந்து தொடர்ந்து கோப்பை வருகிறதென்றால் பழைய சட்டையை யார் கேட்பார்கள்?

மத்ரீதில் நடந்தது வேறு மாதிரி. ஐம்பதில் பாதி பில்பாவோவுக்கு, பாதி மத்ரீதுக்கு என்று பங்கு பிரித்ததாகச் சொல்வது வழக்கம். ஆனால் மத்ரீத் அணி கோடு போட்டு ஆடியது 1911இல்தான், அதாவது ஒரு வருடம் கழித்து. சட்டைகள் ஒரே நாளில் பங்கு பிரிக்கப்பட்டன என்ற கதையை இந்த இடைவெளி கொஞ்சம் இடிக்கிறது. தாய்க் கிளப் மாறியதைப் பார்த்துக் கிளை நிதானமாகப் பின்தொடர்ந்தது என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்போதும் முழுதாக மாறவில்லை. சட்டையை மாற்றியவர்கள் நீலக் கால்சட்டையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பில்பாவோ பிறகு கறுப்புக் கால்சட்டைக்குப் போய்விட்டது. 1921இல் தாய்க் கிளப்பிலிருந்து முற்றாகப் பிரிந்து, பின்னாளில் அத்லெட்டிகோ மத்ரீத் என்று உலகமறிந்த அணி இன்றும் சிவப்பு வெள்ளைக் கோட்டுக்குக் கீழே நீலம் போடுகிறது. இந்த வழக்கில் எந்தக் காகிதத்தையும்விட நான் நம்புகிற சாட்சி இந்தக் கால்சட்டை. யாரும் கதை சொல்வதற்காக அதை வைத்திருக்கவில்லை.

ஆதரவாளர்கள் நிறத்தை எப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு மத்ரீத் ஒரு வேடிக்கையான சான்று. ஸ்பெயினில் அப்போது மெத்தை உறைகளுக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிதான் வழக்கம். எதிரணியினர் இவர்களை 'கொல்சொனேரோஸ்', மெத்தைக்காரர்கள், என்று கேலி செய்தார்கள். ரசிகர்கள் அதைப் பிடுங்கித் தங்கள் பட்டமாகவே சூடிக்கொண்டார்கள். பில்பாவோவில் பற்று இன்னும் இறுக்கமானது. பாஸ்க் நிலத்தில் பிறந்த அல்லது வளர்ந்த ஆட்டக்காரர்களை மட்டுமே சேர்ப்பது என்று இருக்கிற கிளப் அது. சட்டையின் நெஞ்சில் வணிக விளம்பரம் போட அது 2008 வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1984க்குப் பிறகு நாற்பது வருடம் காத்திருந்து 2024இல் அரசர் கோப்பையை வென்றபோது, அணியைப் பழைய சரக்குப் படகில் ஏற்றி நெர்வியோன் ஆற்றில் ஊர்வலம் விட்டார்கள். இரு கரையிலும் சிவப்பு வெள்ளை.

இப்படிப்பட்டவர்களிடம்தான் 2004இல் ஒரு சோதனை நடந்தது. பில்பாவோவைச் சேர்ந்த ஓவியர் தாரியோ உர்சாய் கிளப்புக்காகப் புதிய சட்டை ஒன்றை வடிவமைத்தார். நேர்க்கோடுகளை உடைத்து, சிவப்பை வெள்ளையின் மேல் வழியவும் சிதறவும் விட்டிருந்தார். உண்மையான ஓவியர், உள்ளூர்க்காரர், யோசித்துச் செய்த வேலை. அவசரத்தில் கடையில் அள்ளி வந்த துணிக்கு இருந்திராத அத்தனை காரணங்களும் இதற்கு இருந்தன. ரசிகர்கள் பார்த்துவிட்டு 'தக்காளி சாஸ் கொட்டிய சட்டை' என்றார்கள். பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டங்களோடு அது மூட்டை கட்டப்பட்டது.