டிறெஸ்டன் நகரின் இழந்த ஓர்கன்

குழல் ஓர்கன் ஏனைய இசைக்கருவிகளைப் போன்று கையிற் கொண்டு செல்லத்தக்கதன்று. உலோகத்தாலும் மரத்தாலுமான அதன் குழல்கள் தேவாலயத்தின் உயரத்துக்கும் எதிரொலிக்கும் அமைய அவ்விடத்திலேயே பொருத்தப்பட்டுச் சுருதி சேர்க்கப்படுவன. எனவே, தேவாலயம் அழியுமிடத்து ஓர்கனும் உடன் அழிதல் பெரும்பாலும் தவிர்க்கவியலாதது. இவ்வகையில் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகர வரலாறு ஆராயத்தக்கதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிற் சக்சனிப் பிரதேசத்தின் தலைசிறந்த ஓர்கன் கலைஞராக விளங்கியவர் கொட்பிறீட் சில்பர்மான் (1683-1753). டிறெஸ்டனில் அவர் ஓர்கன் அமைத்த தேவாலயங்களுள் மூன்று குறிப்பிடத்தக்கன. சோபியா தேவாலயத்தின் ஓர்கன் 1720இல் நிறைவெய்தியது. பிறவுன்கிர்கே எனப்படும் அன்னை தேவாலயத்தில், 43 குழல் தொகுதிகளையும் மூன்று கைவிசைப்பலகைகளையும் கொண்ட ஓர்கன் 1736 நவம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில், டிசம்பர் 1ஆந் திகதி, யோகான் செபஸ்தியன் பாக் அதனை வாசித்தார். கத்தோலிக்க அரசவைத் தேவாலயத்தின் ஓர்கனோ சில்பர்மான் மறைந்த பின்னர் 1755இலேயே முற்றுப்பெற்றது.

1945 பெப்ரவரி 13ஆந் திகதி இரவு தொடங்கிய விமானக் குண்டுவீச்சில் நகரம் தீக்கிரையாகியது. வெப்பத்தால் நலிவுற்ற பிறவுன்கிர்கேயின் கற்குவிமாடம் 15ஆந் திகதி காலையில் இடிந்து வீழ்ந்தது. அதன் ஓர்கனும் சோபியா தேவாலய ஓர்கனும் மீட்கவியலாதவாறு அழிந்தன. அரசவைத் தேவாலயமும் இவ்வழிவுக்குத் தப்பவில்லை. அங்கிருந்த ஓர்கனின் அலங்காரப் பேழையும் எரிந்தொழிந்தது. ஆயின், அதன் குழல்கள் 1944இலேயே கழற்றப்பட்டு நகருக்கு வெளியே ஒரு கன்னியர் மடத்திற் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவை 1971இல் மீண்டும் தேவாலயத்தில் ஒலித்தன.

பிறவுன்கிர்கே மீளக் கட்டப்பட்டபோது ஓர்கன் குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. பாக் வாசித்த கருவியை அவ்வாறே பிரதிசெய்தல் வேண்டுமென ஒரு சாரார் வாதிட்டனர். பிற்கால இசையையும் வாசிக்கத்தக்க கருவியே ஏற்றதென மறுசாரார் கூறினர். ஈற்றில், ஸ்திராஸ்பூர்க் நகரத்து டானியல் கேர்ண் அமைத்த புதிய ஓர்கன் 2005இல் இடம்பெற்றது. முகப்பு பழைய தோற்றத்தைப் பெற்றது. சில்பர்மானின் குழலமைப்பைத் தழுவிய இக்கருவியில் நான்காவது விசைப்பலகையொன்றும் சேர்க்கப்பட்டது.

இவ்விரு தேவாலயங்களையும் ஒப்புநோக்கின் ஓருண்மை புலனாகின்றது. அரசவைத் தேவாலயத்திற் பேழை அழிந்தும் ஒலி எஞ்சியது; பிறவுன்கிர்கேயிலோ தோற்றம் மீண்டும் ஒலி மீளவில்லை. சுவரையும் குவிமாடத்தையும் வரைபடங்கொண்டு மீள எழுப்பலாம். ஒரு கலைஞனின் செவி தீர்மானித்த நாதம் எந்த வரைபடத்திலும் இடம்பெறுவதன்று. அழிவின் பின் செய்யப்படும் பெரும் புனரமைப்பினும், அழிவின் முன் செய்யப்படும் சிறு பாதுகாப்பே மேலானது என்பதற்கு 1944இற் கழற்றப்பட்ட அக்குழல்களே சான்றாகும்.