அங்கீகாரம் பெறாத ராணி: மோலி ஃபிங்க்கும் புதுக்கோட்டை வாரிசுரிமையும், 1915–1928

புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்பர்ன் நகரப் பதிவாளர் அலுவலகத்தில் எஸ்மி மேரி ஃபிங்க் என்ற இளம்பெண்ணை மணந்தார். மணமகனுக்கு வயது 39. மோலி என்று அழைக்கப்பட்ட மணமகள் ஆஸ்திரேலிய வழக்கறிஞர் ஒருவரின் மகள். 21 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அவரை ராணியாக ஏற்க இந்தியாவின் ஆங்கிலேய அரசு மறுத்துவிட்டது. அந்த மறுப்பு கடைசிவரை மாறவில்லை.

மோலியின் வாழ்க்கையை முழுமையாக எழுதிய எட்வர்ட் டைக்கர், கோரலி யங்கர் ஆகியோரின் 1991ஆம் ஆண்டு நூல் இனம், காதல், ஆங்கிலேய ஆட்சி என்னும் மூன்றையும் தலைப்பிலேயே தாங்கியது. பொதுவாசகரிடம் முதல் இரண்டுமே தங்கியிருக்கின்றன. மூன்றாவதே அடிப்படை என்பது என் வாதம். மோலி வெள்ளைக்காரர் என்பதைவிட, அவர் வயிற்றில் பிறக்கும் மகன் அரியணைக்கு உரிமை கோருவான் என்பதே அரசுக்குச் சிக்கலாக இருந்தது. அந்த உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது எந்த மன்னர் குடும்பத்துக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வெளியிலிருந்து வந்தவர்களை அரசகுடும்பத்தில் ஏற்பது காவிரிப் படுகைக்குப் புதிதல்ல. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மனைவியானாள். இராசேந்திரனின் மகள் அம்மங்கை வேங்கி இராசராச நரேந்திரனை மணந்தாள். அம்மங்கையின் மகன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். தந்தைவழியில் அவன் சாளுக்கியன். ஆயினும் சோழநாடு அவனைச் சோழனாகவே கொண்டது. பின்னர் 17ஆம் நூற்றாண்டில் ஏகோஜியோடு தஞ்சைக்கு வந்த அரசகுடும்பத்தின் வீட்டுமொழி மராத்தி. அந்த அரண்மனைப் பெண்களை மக்கள் எப்படி அறிந்தார்கள் என்பதற்குச் சத்திரங்கள் சான்று. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். இராமேசுவர யாத்திரிகர்களுக்குச் சோறிட்ட இடங்கள் இவை. முத்தாம்பாள் இரண்டாம் சரபோஜியின் முறைப்படி மணந்த மனைவியும் அல்லர். அவர் பெயரில் மன்னர் சத்திரம் எழுப்பினார், ஊர் அதை இன்றும் சொல்கிறது. குலமும் பிறப்பும் தராத இடத்தை, நெல் விளையும் இந்த மண்ணில், அன்னதானம் ஒரு பெண்ணுக்குத் தந்தது.

தொண்டைமான்களிடமும் இதே மரபு உண்டு. தங்களைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் தாசர்களாக அறிவித்துக்கொண்ட அவர்கள், நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கினார்கள். கொடுப்பதன் வழியாகத்தான் அரசகுடும்பத்தார் குடிகள்முன் அரசகுடும்பத்தாராகத் தோன்றினார்கள். அப்படித் தோன்ற மோலிக்குக் காலமே வாய்க்கவில்லை. 1915இன் பிற்பகுதியில் புதுக்கோட்டைக்கு வந்தவர் சில மாதங்களே அங்கு இருந்தார். கருவுற்றிருந்தபோது கடுமையாக நோயுற்றார். அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதோ என்ற ஐயம் எழுந்தது. 1916 வசந்தத்தில் இருவரும் புறப்பட்டுவிட்டார்கள். ஜூலை 22 அன்று சிட்னி நகரில் மகன் பிறந்தான். அவனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர்.

அந்த நஞ்சு ஐயத்தை முன்வைத்து, புதுக்கோட்டையே அவரை வெறுத்தது என்று முடிவுகட்டுவது சரியன்று. வாரிசு பிறக்கப்போகும் அரண்மனையில் நஞ்சுப் பேச்சு எழுவது உள்நாட்டு மருமகளுக்கும் நேரக்கூடியதே. அதை ஒரு சமஸ்தானத்து மக்களின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள இயலாது. இந்துக் குடிகள் அந்நியப் பெண்ணின் மகனை ஏற்கமாட்டார்கள் என்ற வாதமும் எனக்கு ஐயத்துக்குரியதே: குடிகளின் மனம் அறிந்து முடிவெடுக்கும் வழக்கம் ஆங்கிலேய அரசுக்கு வேறெந்த விஷயத்தில் இருந்தது?

இங்கே அதே அரசின் முந்தைய முடிவுகளை நினைவுகொள்ள வேண்டும். 1855இல் தஞ்சை இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தார். மகளுக்கு உரிமை தரலாம் என்ற வாதம் ஏற்கப்படாமல் தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கும்பினி வசமாயிற்று. அவர் மனைவி காமாட்சிபாய் தொடுத்த வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் தள்ளுபடி செய்தது. அரசின் செயலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஏறத்தாழ 60 கி.மீ. தெற்கே, 1877இல், இராமச்சந்திர தொண்டைமான் தம் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். அதை அரசு ஏற்றது. அந்தப் பேரனே மார்த்தாண்டர். அவருக்குப் பிறந்த சொந்த மகனுக்கு உரிமை இல்லையென்று முடிவாயிற்று. தஞ்சையில் மகள் கூடாது, புதுக்கோட்டையில் மகள்வழிப் பேரன் கூடும், பின்னர் மகனே கூடாது. 1862இல் புதுக்கோட்டைக்கும் வாரிசைத் தத்தெடுக்க உரிமையளிக்கும் சனது வழங்கப்பட்டதால் கொள்கை மாறிவிட்டது என்று மறுக்கலாம். உண்மைதான், 1877இன் முடிவை அது விளக்கும். 1916க்குப் பிந்தைய மறுப்பை அது விளக்காது.

இனமே காரணம் என்போர் மற்ற சமஸ்தானங்களையும் பார்க்க வேண்டும். கபூர்தலா ஜகத்ஜித் சிங் 1908இல் ஸ்பெயின் நாட்டு அனிதா தெல்காதோவை மணந்தார். முந்தைய ராணிகளுக்கு மகன்கள் இருந்ததால் அங்கே வாரிசுக் கேள்வி எழவில்லை. இந்தூர் துக்கோஜிராவ் ஹோல்கர் அமெரிக்கரான நான்சி மில்லரை 1928இல் மணந்தபோது அவர் முடிதுறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. மகன் அரியணையில் இருந்தார். அவ்விருவரின் மனைவியரும் ஆங்கிலேய அதிகாரிகளின் புறக்கணிப்பைச் சந்தித்திருக்கலாம். மன்னர் தம் நாட்டையே விட்டு வாழும் நிலை அவர்களால் வரவில்லை. மார்த்தாண்டருக்கு மோலிக்கு முன் மனைவியில்லை, வேறு மகனும் இல்லை. வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

1922இல் ஆட்சிப்பொறுப்பு ராஜாவின் உடன்பிறந்தவரான விஜயரகுநாத துரைராஜாவிடம் ரீஜண்ட் என்ற முறையில் சென்றது. மார்த்தாண்டரும் மோலியும் பிரான்சின் கான் நகரில் வாழ்ந்தார்கள். 1928 மே 28 அன்று பாரிஸில் ராஜா காலமானார். தகனம் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் நடந்தது.

தொண்டைமான் அரசை ஆராய்ந்த நிக்கலஸ் டர்க்ஸ், ஆங்கிலேய ஆட்சியில் மகுடம் உள்ளீடற்றுப்போனதாக 1987இல் எழுதினார். நிலமானியங்களை வழங்கும் அதிகாரம் மன்னரிடமிருந்து நழுவியதை அவர் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதனோடு இந்தத் திருமணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன். மானியம் கொடுக்கும் உரிமை போனபின்பும் மனைவியை ராணியாக்கும் உரிமையும், மகனைத் தன் மகனாக நாட்டுக்குக் காட்டும் உரிமையும் மன்னரிடம் எஞ்சியிருந்ததாகத் தோன்றியது. தந்தை இறந்தபோது சிட்னி தொண்டைமானுக்கு ஏறத்தாழ 12 வயது. 1928 நவம்பரில் புதுக்கோட்டை அரியணையில் அமர்த்தப்பட்டவர் கிளைவழியைச் சேர்ந்த ஆறு வயது ராஜகோபால தொண்டைமான்.